துரைராசா மாஸ்டரின் கட்டில்

வட்டகொடையில் யாருக்கு இருமல் வந்தாலும் குற்றவாளிகள் மூன்றுதான். முதலாவது குளிர். இரண்டாவது பனி. மூன்றாவது என் கடைச் சீமெந்துத் தூசி. முதல் இரண்டையும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதால், எல்லோரும் மூன்றாவதை முறைக்க வருவார்கள். ஸ்டேஷனுக்குக் கீழே ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் வடிவேல் நான்தான். முப்பது வருஷமாக அந்தத் தூசிக்குள்ளேயே இருக்கிறேன், எனக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. இதைச் சொன்னால் ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அதனால்தான் துரைராசா மாஸ்டரின் கதையை நானே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். மற்றவர்கள் சொன்னால் கட்டாயம் சீமெந்தைச் சேர்ப்பார்கள்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், சாவகச்சேரிப் பக்கம். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராக வந்தார். கூடவே மனைவி புனிதவதி டீச்சர், சைவசமயம் படிப்பிக்க. கையில் லோஜனா என்று ஒரு கைக்குழந்தை, இப்போது வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். என் வீட்டை ஒட்டினாற்போல மேலே இன்னொரு சின்ன வீடு எனக்கு இருந்தது, அதில் குடிவந்தார்கள். மூன்று வருஷம் மலைநாட்டில் வேலை பார்த்தால் சொந்த ஊருக்கு மாற்றம் கேட்கலாம் என்பது அப்போதைய ஏற்பாடு. மூன்று வருஷம் முடிந்தது. "இந்தப் பதினோராம் வகுப்புப் பிள்ளையள் சோதனை எழுதட்டும், பிறகு கேப்பம்" என்றார் மாஸ்டர். எழுதினார்கள். அடுத்த வருஷம் பார்த்தால் அங்கே இன்னொரு பதினோராம் வகுப்பு இருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஒரு பதினோராம் வகுப்பு இருக்கத்தான் செய்யும் என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா என்ன. டீச்சருக்குத் தெரிந்திருந்தது. இப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது.

மாஸ்டரைப் பற்றி என்ன சொல்ல. கரும்பலகையில் கையாலேயே வட்டம் போடுவார், கவராயம் வைத்துப் பார்த்தாலும் பிசகாது. வெயிலடிக்கிற சித்திரை மாசத்திலும் இரண்டு சுவெட்டர், ஒரு மப்ளர், காதை மூடிய குல்லாய். எதைப் பார்த்தாலும் அளந்து கொப்பியில் எழுதுவார். கொழும்பிலிருந்து வரும் ரயில் தினமும் எத்தனை நிமிஷம் பிந்துகிறது என்று பதினைந்து வருஷக் கணக்கு அவரிடம் உண்டு. "இண்டைக்கு நாப்பத்தொரு நிமிஷம் பிந்தும் முதலாளி" என்பார். நாற்பது நிமிஷத்தில் வந்துவிட்டால் முகம் வாடிவிடும்.

நான் எட்டு மணிக்குக் கடையைச் சாத்துவேன். எட்டேகாலுக்கு மாஸ்டர் எங்கள் வீட்டுக் குசினியில் இருப்பார். என் மனைவி இந்திராதேவி சுடச்சுட ரொட்டி தட்டுவாள், செத்தல் மிளகாய் வைத்துக் கட்டைச் சம்பல் இடிப்பாள். டீச்சருக்கு இரவில் பாணும் பாலும் போதும், அதனால் மாஸ்டர் மட்டும்தான் வருவார். ஆளுக்கு நாலு ரொட்டி, சாயம் கூடின பிளேன்டீ ஒன்று, ஒரு மணிநேரம் சண்டை. எதைப் பற்றி என்று கேட்கக் கூடாது. ஒருநாள் முழுக்க, பூசணிக்காய் காயா பழமா என்று சண்டை போட்டிருக்கிறோம். ஒன்பதேகாலுக்கு எழுந்து போய்ப் படுத்துவிடுவார். என் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த நேரம் அந்த ஒரு மணிநேரம்தான். அவருக்கு முன்னால் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அவருக்கு நாற்பத்தேழு வயதிருக்கும்போது, இந்த மூச்சுத் தொந்தரவு ஆரம்பித்தது. முதலில் செருமல். ஒரு வசனம் சொல்வதற்கு முன் ஒரு செருமல், சொன்ன பிறகு ஒரு செருமல். பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். ஒரு பாடவேளைக்கு நாற்பத்து மூன்று என்பது இன்றுவரை சாதனை. பிறகு குரல் கட்டியது. பிறகு படுத்தவுடன் இழுப்பு. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கு அந்த விசில் சத்தம் கேட்கும். கிளினிக்கில் ஆஸ்துமா என்று சொல்லி வாயில் வைத்து உறிஞ்சுகிற இரண்டு பம்ப் கொடுத்தார்கள். மண்ணிற பம்ப் காலையும் மாலையும். நீல பம்ப் இழுக்கும்போது. மாஸ்டர் சந்தோஷமாக ஒரு புதுக் கொப்பி வாங்கி, மாதத்துக்கு எத்தனை தடவை நீல பம்ப் என்று எழுதத் தொடங்கினார்.

ஊரே வைத்தியம் பார்த்தது. என் மனைவி மிளகு ரசத்தை உறைப்பாக வைத்து, ரொட்டிக்கு மேலே ஊற்றிக் கொடுத்தாள். பள்ளிக்கூட அதிபர் தேனும் இஞ்சியும் என்றார். ஸ்டேஷனில் வேலை செய்கிற சிங்கள நண்பர் கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொண்டுவந்தார். யாரோ ஒருவர் சீமெந்து என்றார். யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு நான் தூசி பறக்காமல் இருக்கக் கடைத் தரைக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். மூன்றாம் நாள் பத்து மூட்டைச் சீமெந்து கல்லாகிவிட்டது. மாஸ்டருக்கு இழுப்பு அப்படியே இருந்தது.

போன வருஷக் கடைசியில் வகுப்பிலேயே மூச்சு முட்டிக்கொண்டு வந்து மாஸ்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கடைச் சாமான் கொண்டுபோகிற என் வானில் ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாஸ்க் போட்டு மருந்துப் புகை கொடுத்தார்கள், தெளிந்துவிட்டார். ஆனால் புனிதவதி டீச்சர் தெளியவில்லை. வரும் வழியில் வானுக்குள் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"இனிக் காணும். இந்தக் குளிர் உங்களைக் கொண்டுபோட்டிடும். நாங்கள் ஊருக்குப் போவம்."

அடுத்த கிழமையே மாற்றப் படிவம் வந்துவிட்டது. சுகவீனத்தைக் காரணம் காட்டி மாற்றம் கேட்கலாம். பெப்ரவரி முடிவுக்குள் கொடுக்க வேண்டும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு டொக்டர் கடிதம் வேண்டும், அவ்வளவுதான். மாஸ்டர் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார். போட்ட அன்று ரொட்டி சாப்பிட வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். "பசியில்லை முதலாளி" என்றார். போக அவருக்குத் துளியும் மனமில்லை. ஆனால் டீச்சர் பயந்துபோயிருந்தார், அவரை எதிர்த்துச் சொல்ல மாஸ்டருக்கு மூச்சும் இல்லை, மனமும் இல்லை. இந்தக் குளிரின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் அதற்கு முன் வந்ததே இல்லை.

கடிதம் வாங்க ஹட்டனில் டொக்டர் சிவதர்சினியிடம் போனோம். நான்தான் வான் ஓட்டினேன். நெஞ்சு நோய்களுக்குப் படித்தவர், சின்ன வயது, யாழ்ப்பாணத்துப் பெண். டீச்சருக்கு அதில் ஒரு தைரியம். நம்முடைய பிள்ளை, உடனே எழுதித் தந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு வந்தார்.

டொக்டர் கடிதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கேள்வி கேட்டார்.

"இழுப்பு எப்ப கூட?"

"படுத்த பிறகுதான் டொக்டர். வயிறு நிரம்பச் சாப்பிட்டாலும் வரும்."

"காலமை எழும்பேக்க வாய் புளிக்குமோ?"

"ஓம். அது எல்லாருக்கும் இருக்கும்தானே."

"எல்லாருக்கும் இல்லை. நெஞ்செரிவு?"

"அது கிடையாது."

"செருமல்?"

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஒரு பாடத்துக்கு நாப்பத்து மூணு தடவைங்க டொக்டர். பிள்ளைங்க எண்ணி வச்சிருக்காங்க."

டொக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்கள் ஆர்?"

"வீட்டுக்காரருங்க. பக்கத்து வீடும் நான்தான்."

"சரி. ராச்சாப்பாடு எத்தனை மணிக்கு? படுக்கிறது எத்தனை மணிக்கு?"

"எட்டேகால். ஒன்பதேகால்" என்றார் மாஸ்டர்.

"என்ன சாப்பாடு?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். டீச்சரும் என்னைப் பார்த்தார். பொலிஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பவனைப் போல நான் ஒப்புவித்தேன். "நாலு ரொட்டி. கட்டைச் சம்பல். மிளகு ரசம். சாயம் கூடின பிளேன்டீ."

டொக்டர் ஒரு தாளை எடுத்து இரைப்பையைக் கீறினார். வட்டம் சரியாக வரவில்லை, மாஸ்டருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, ஆனாலும் அடக்கிக்கொண்டார். இரைப்பையின் வாயில் ஒரு மூடி மாதிரி தசை இருக்கிறது. அது தளர்ந்தால் உள்ளே இருக்கும் அமிலம் சாப்பாட்டுக் குழாயில் மேலே ஏறும், படுத்தால் இன்னும் சுலபமாக ஏறும். மேலே வந்தது துளித் துளியாக மூச்சுக் குழாய்க்குள் இறங்கலாம். இறங்காவிட்டாலும், இரண்டு குழாய்க்கும் ஒரே நரம்புதான் போகிறது, இது எரிந்தால் அது சுருங்கும். நெஞ்செரிவே இல்லாமலும் இது நடக்கும்.

"பெரிய ஆக்களுக்குப் புதுசா வாற ஆஸ்துமாவில இதையும் பாக்கவேணும்" என்றார் டொக்டர். "அமிலம் ஏறினா மூச்சு முட்டும். மூச்சு முட்டி இழுக்க இழுக்க இன்னும் அமிலம் ஏறும். ஒண்டை ஒண்டு பிடிச்சுக்கொண்டு சுத்தும்."

"குளிர்தான் காரணம் எண்டெல்லோ எல்லாரும் சொல்லினம்" என்றார் டீச்சர்.

"குளிரும் கூட்டும் அம்மா. ஆனா குளிர் பகலிலயும் இருக்குதானே. இவருக்குப் படுத்தாத்தானே வருது."

டீச்சர் மாஸ்டரின் மப்ளரைப் பார்த்தார்.

டொக்டர் கணக்காகச் சொல்லிவிட்டார். சாப்பாட்டுக்கு அரைமணி நேரத்துக்கு முன் ஒரு குளிசை. படுப்பதற்கு மூன்று மணிநேரம் முன்பே சாப்பிட்டு முடிக்க வேண்டும். உறைப்பும் எண்ணெயும் குறைக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கல் வைத்து ஆறு அங்குலம் உயர்த்த வேண்டும். தலையணை அடுக்குவது சரிவராது, அது வயிற்றை மடித்து இன்னும் நெருக்கும். பம்பை மட்டும் ஒருநாளும் நிறுத்தக் கூடாது. கடைசியில் தேத்தண்ணியையும் குறைக்கச் சொன்னார். சுற்றிவரத் தேயிலை மலையை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"இதுதான் காரணம் எண்டு நான் அடிச்சுச் சொல்லேல்லை. எட்டுக் கிழமை செய்து பாப்பம். சரிவராட்டி கடிதம் எழுதித் தாறன்" என்றார். எட்டுக் கிழமை பெப்ரவரி நடுவில் முடியும். கடைசி நாளுக்கு இரண்டு கிழமை மிச்சமிருக்கும்.

என் நிலைமையைப் பாருங்கள். மாஸ்டர் இங்கேயே இருக்க வேண்டுமென்றால் டொக்டர் சொன்னது பலிக்க வேண்டும். டொக்டர் சொன்னது பலிக்க வேண்டுமென்றால் எட்டேகால் ரொட்டி நிற்க வேண்டும். முதலில் எனக்கு டொக்டர் மேல் வந்த கடுப்புக்கு அளவே இல்லை. இரண்டு நாள் போன பிறகு கடையை ஐந்தரைக்கே சாத்தத் தொடங்கினேன். ஆறு மணிக்கு ரொட்டி தட்டு என்றால், "இது என்ன ஆஸ்பத்திரியாங்க" என்று இந்திராதேவி கேட்டாள், ஆனாலும் தட்டினாள். இரண்டே ரொட்டி, பருப்புக் கறி, சுடுதண்ணி. பருப்புக் கறி தின்றுகொண்டு சண்டை போட முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

கல்லும் நான்தான் கொடுத்தேன். ஆறு அங்குலப் புளொக் கல் இரண்டு, மூலை உடையாததாகப் பொறுக்கியெடுத்துக் கொண்டுபோய் வைத்தேன்.

நாலு கிழமை போனது. வாய்ப் புளிப்புக் குறைந்தது. செருமல் இருபத்தைந்துக்கு வந்துவிட்டது, பிள்ளைகளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் படுத்தால் வரும் இழுப்பு மட்டும் அசையவில்லை. நீல பம்ப் அப்படியே போய்க்கொண்டிருந்தது. டீச்சர் என் கடைக்கு வந்து, தரை ஓடு வந்த வெறும் பெட்டிகள் இருந்தால் தாருங்கள் என்றார், புத்தகம் கட்ட. நானே தேடி, கயிறும் சேர்த்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு உள்ளே போய் ஆணிப் பெட்டியை உதைத்தேன். கால் விரல்தான் வீங்கியது.

கிளம்பும்போது டீச்சர் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "முதலாளி, உங்கட கல்லு ஆறு அங்குலம் சரியா இருக்குமோ?"

என் சரக்கைக் குறை சொன்னால் எனக்குத் தலைக்கு ஏறிவிடும். இது மாஸ்டருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அன்று சனிக்கிழமை. அளவு நாடாவையும், மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயையும் எடுத்துக்கொண்டு உடனே ஏறிப் போனேன். பெரிய விஷயமில்லை, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் குழாய். உள்ளே தண்ணீர் விட்டு இரண்டு முனையையும் பிடித்தால், எவ்வளவு தூரமானாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதிலிருந்து அளந்தால் எது உயரம் எது பள்ளம் என்று தெரிந்துவிடும்.

மாஸ்டர் படுப்பது பின்னறையில். விடியப்புறம் எழுந்து கொப்பி திருத்துவார் என்பதால் அவருக்கு அங்கே ஒற்றைக் கட்டில். கல்லை அளந்தேன். ஆறு அங்குலம், ஒரு நூல்கூடக் குறைவில்லை. "பாத்தீங்களா டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே, பந்தா காட்டுவதற்காகக் குழாயின் ஒரு முனையை மாஸ்டரிடம் கொடுத்துத் தலைமாட்டில் பிடிக்கச் சொன்னேன். மறுமுனையைக் கால்மாட்டில் நான் பிடித்தேன். தண்ணீர் நின்றது. அளந்தேன். மறுபடியும் அளந்தேன்.

ஆறு அங்குலக் கல்லுக்கு மேலே நிற்கிற தலைமாடு, கால்மாட்டைவிட அரை அங்குலம்தான் உயரமாக இருந்தது.

அப்படியென்றால் கல் வைப்பதற்கு முன்னால்? ஐந்தரை அங்குலம் பள்ளம். இந்த மனுஷர் ஏழு வருஷமாகக் காலை மேலே வைத்து, தலையைக் கீழே தொங்கப் போட்டுப் படுத்திருக்கிறார். வயிற்றில் போன ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் ஒவ்வொரு இரவும் தொண்டையைப் பார்த்து இறங்கி வந்திருக்கின்றன.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பின்னறையைக் கட்டியவன் நான். வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தை மண்போட்டு நிரவி, அதன்மேல் கட்டினேன். "ஒரு மழைக்காலம் போகட்டும் முதலாளி, மண்ணு அமரணும், அத்திவாரத்தையும் இன்னும் தோண்டணும்" என்று மேசன் வேலைக்கு வந்த சின்னத்தம்பி பாஸ் அன்றைக்கே சொன்னார். இத்தனை வருஷம் சீமெந்து விற்கிறவனுக்கே பாடம் சொல்கிறாயா என்று அவரை அனுப்பிவிட்டு, மீதியை ஆள் வைத்து நானே முடித்தேன். ஒவ்வொரு மழைக்கும் அறை பள்ளத்துப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. இந்த மலையில் எது நேராக இருக்கிறது, கவனிப்பதற்கு.

"என்ன முதலாளி, சரியோ?" என்று டீச்சர் கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்குங்க டீச்சர்" என்றேன். குழாயைச் சுருட்டிக்கொண்டு, தண்ணீர் காற்சட்டையில் ஊற்ற ஊற்ற இறங்கி வந்துவிட்டேன்.

அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஹார்ட்வெயார்காரன் வீட்டுத் தரை சாய்ந்து ஒரு மனுஷனுக்கு மூச்சு நின்றது என்று பசார் முழுக்கச் சிரிக்கும், அதுதான் முதலில் என் மூளைக்கு வந்தது. அவர் யாழ்ப்பாணம் போய்விடுவார் என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இந்திராதேவி இரண்டு நிமிஷத்தில் என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

"மனுசன் மூச்சு விடட்டும்னு வாயத் தொறந்து சொல்லுவீங்களா, இல்ல நான் போய் சொல்லவா?"

போனேன். இரண்டு பேரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மண் நிரவினது, பாஸ் சொன்னது, நேற்றுப் பொய் சொன்னது எல்லாம். டீச்சர் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

மாஸ்டர் செருமிக்கொண்டு சொன்னார். "எனக்குத் தெரியும் முதலாளி."

"என்ன தெரியும்?"

"தரை சரியிறது. நாலு பாகைக்குக் கொஞ்சம் மேல. நான் வருஷா வருஷம் அளந்து வைச்சிருக்கிறன்."

"அளந்தீங்களா? அப்புறம் ஏங்க மாஸ்டர் சொல்லல?"

"நான் சமதரையில பிறந்தவன். மலையில வீடு எண்டா இப்பிடித்தான் சரிஞ்சு கிடக்கும் எண்டு நினைச்சன். இருக்க வீடு தந்த மனுசனிட்டப் போய் உங்கட தரை கோணல் எண்டு எப்பிடிச் சொல்லுறது? ரெண்டு தலையணை கூட வைச்சுச் சமாளிச்சன்."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். மலையில் பிறந்த எனக்குச் சரிவு தெரியவில்லை. சமதரையில் பிறந்தவருக்குத் தெரிந்தது, மரியாதை வாயைக் கட்டிப்போட்டுவிட்டது. மாஸ்டர் எழுந்து போய்க் கட்டிய பெட்டி ஒன்றை அவிழ்த்து அந்தக் கொப்பியை எடுத்துவந்தார். ஒரு பக்கத்தில் தரை வருஷா வருஷம் இறங்கிய அளவு, அழகாக வரைபு போட்டிருந்தது. பத்துப் பக்கம் தள்ளி நீல பம்பின் கணக்கு, அதுவும் வரைபு. இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டு ஏறின.

"இதை என்ர பிள்ளையள் செய்திருந்தா முட்டை போட்டிருப்பன்" என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

டீச்சர் கடைசிவரை திட்டவில்லை. "உங்கள் ரெண்டு பேரையும் ஒரே வகுப்பில இருத்தவேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

பிறகு பார்த்த வேலை இருக்கிறதே. இன்னும் இரண்டு கல் வைத்தோம், தலைமாடு பன்னிரண்டு அங்குலம். கட்டில் ஏணி சாய்த்துவைத்தது போல நின்றது. முதல் நாள் காலையில் மாஸ்டர் கால்மாட்டில் மூட்டையாகக் கிடந்தார். இரண்டாம் நாள் இடுப்பில் கயிறு கட்டிப் படுத்தார், கயிறு வயிற்றை நெருக்கி இழுப்புக் கூடிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு கல் சறுக்கி, கட்டிலோடு ஆளும் சுவரில் போய் மோதினார். சின்னத்தம்பி பாஸைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். என்னை நன்றாக ஒரு தடவை பார்த்தார். "அறையை உடைச்சுத்தாங்க கட்டணும், மூணு மாசம் ஆகும்" என்றார். எங்களிடம் மூன்று கிழமைதான் இருந்தது. முன்னறையில் டீச்சரின் கட்டிலும் அலமாரியும் போக இன்னொரு கட்டிலுக்கு இடமில்லை.

மாஸ்டர் கொப்பியில் ஏதோ கீறிப் பார்த்தார். "கட்டிலைத் திருப்பினா சரி. தரைச் சரிவே ஐஞ்சரை அங்குலம் தூக்கும். ஒரு கல்லும் தேவையில்லை."

கணக்கு சுத்தம்தான். ஆனால் ஒருத்தரும் கட்டிலில் கைவைக்கவில்லை. பள்ளம் தெற்கில். மேடு வடக்கில். அறை ஒடுக்கம், கட்டிலைக் குறுக்கே போட முடியாது. திருப்பினால் தலை வடக்கே போகும். வடக்கே தலை வைத்து யார் படுப்பார்கள். செத்தவர்களைத்தான் அப்படிக் கிடத்துவது. அதுவும் சைவசமயம் படிப்பிக்கிற டீச்சரின் வீட்டில்.

"என் வீட்டுல அது வேணாங்க மாஸ்டர்" என்றேன் நான்.

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்ன யோசித்தார் என்று எனக்குத் தெரியும். இது பலித்தால் மூச்சு சரியாகும். மூச்சு சரியானால் கடிதம் கிடையாது. இருபது வருஷமாகக் காத்திருந்த ஊர் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது, கட்டிலைத் திருப்பாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாத்திரமே அவர் பக்கம்தான். ஒருத்தரும் குறை சொல்லப் போவதில்லை.

"முதலாளி, யாழ்ப்பாணம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"வடக்குதாங்க டீச்சர்."

"அப்ப திருப்புங்கோ. தலையாவது ஊர்ப் பக்கம் கிடக்கட்டும்."

நானும் பாஸும் பிடித்துத் திருப்பிப் போட்டோம். மாஸ்டர் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் தலையணையைத் தட்டி வடக்கே வைத்தார், அதன்மேல் கொஞ்சம் விபூதியும் போட்டார்.

முதல் கிழமை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் விசில் சத்தம் குறைந்தது. மூன்றாவது கிழமை ஒரு சத்தமும் இல்லை, எனக்குப் பயம் வந்துவிட்டது, காலையில் எழுந்து ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். மாஸ்டர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

எட்டாவது கிழமை ஹட்டனுக்குப் போனோம். டொக்டர் மூச்சை அளக்கிற ஒரு குழலைக் கொடுத்து ஊதச் சொன்னார். முதல் தடவை வந்தபோது முந்நூற்றுப் பத்தில் நின்ற முள் முந்நூற்றுத் தொண்ணூறுக்குப் போனது. நீல பம்ப் கிழமைக்கு ஆறிலிருந்து ஒன்றுக்கு வந்திருந்தது. மாஸ்டர் கொப்பியைத் திறந்து இரண்டு வரைபையும் பெருமையோடு காட்டினார்.

டொக்டர் நன்றாகப் பார்த்தார். "வடிவா இருக்கு மாஸ்டர். ஆனா ரெண்டு கோடு சேர்ந்து ஏறுறதால மட்டும் ஒண்டுதான் மற்றதுக்குக் காரணம் எண்டு சொல்லேலாது. இந்த ஏழு வருஷத்தில உங்கட வழுக்கையும் இப்பிடித்தான் ஏறியிருக்கும். திருப்பிப் போட்டதும் குறைஞ்சுதே, அதைத்தான் நான் பாக்கிறன். அதுவும் குளிசை, சாப்பாடு எல்லாம் சேர்ந்துதான். ஆஸ்துமா போகேல்லை, மண்ணிற பம்ப் தொடரவேணும்."

பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "அம்மா, கடிதம் கேட்டனீங்கள். குளிர்தான் காரணம் எண்டு இப்ப நான் எழுதினா பொய்."

மாஸ்டர் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவுப் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் கைப்பையைத் திறந்தார். படிவம் அதற்குள் இருந்தது, எனக்குத் தெரிந்தது. அதை எடுக்கவில்லை. கைலேஞ்சியை எடுத்துக்கொண்டு பையை மூடினார்.

"வேண்டாம் டொக்டர். தரை சரிவு எண்டு எழுதினா, மாற்றம் இந்த முதலாளிக்கெல்லோ குடுப்பினம்."

டொக்டர் சிரித்தார். மாஸ்டர் சிரித்தார், ஒரு செருமல்கூட இல்லாமல். டீச்சரும் சிரித்தார், ஆனால் கைலேஞ்சி கண்ணுக்குத்தான் போனது. நானும் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். ஐம்பத்தெட்டு வயது ஆள், அது எப்படியோ அழுகையாக மாறி, விக்கி, மூச்சு எடுக்க முடியாமல் நின்றேன். டொக்டர் பதறிப்போய் எழுந்து, அந்தக் குழலை என் வாயில் வைத்து ஊதச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க டொக்டர்" என்றேன். "இவங்க போகல. அவ்வளவுதான்."